வயிற்றுக்குள் போட்ட துண்டு

பொன்னுரங்கத்தின் வயிற்றில் குடியிருந்த பாக்டீரியாக்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டு வயிற்றிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்கத் தெருவைத் தாண்டிப் போனார். வெள்ளமங்கலத்தில் இது வழக்கம்தான். சாதாரண வயிறு வருஷத்துக்கு ஒரு கடிதம் போடும். தீபாவளியை ஒட்டி இரண்டு வரும். நேரத்துக்குச் சாப்பிடவும், எண்ணெயைக் குறைக்கவும், இப்படிக்கு என்று இருக்கும். வாங்கியவர்கள் படித்துவிட்டு மின்சார அட்டைக்குப் பக்கத்தில் கம்பியில் குத்திவைப்பார்கள். அதில் எழுதியிருந்தபடி நடந்தவர்கள் என்று ஊரில் யாரையும் காட்ட முடியாது.

பொன்னுரங்கம் பேருந்து நடத்துநர். பதினாலாம் நம்பர் வண்டி, வெள்ளமங்கலம் முதல் ஆற்றுப்பாக்கம் வரை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவருக்கு இரண்டு விஷயங்களில் பெருமை உண்டு. ஒன்று, அவர் குடிக்காதவர். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் ஊற்றுவார். குடிக்காதவர் என்பதை வாரத்துக்கு மூன்று தடவையாவது, கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவார்.

இரண்டாவது, துண்டு. அந்தப் பக்கத்தில் வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு பறந்து வரும். துண்டு இல்லாதவர் கைக்குட்டையோ மஞ்சள் பையோ போடுவார். போட்டுவிட்டுச் சாவகாசமாக டீ குடித்து, வெற்றிலையைத் துப்பி, கடைசியில் ஏறி வந்தால் அந்த சீட் அவருக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் “ஆள் வருது” என்று சொன்னால் போதும், எப்பேர்ப்பட்ட முரடனும் அடுத்த சீட்டைப் பார்த்துப் போய்விடுவான். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர். ஆனால் துண்டு கிடக்கிற சீட்டில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

பொன்னுரங்கத்துக்கு அது பிடிக்காது. “துண்டுக்கு டிக்கெட் வாங்கியிருக்கியா? துண்டுக்கு இடுப்பு இருக்கா உட்கார்றதுக்கு?” என்று கேட்டு, இரண்டு விரலால் தூக்கி வெளியே எறிவார். ஆள் எடுத்துக்கொள்ளாத துண்டுகளை டிப்போவில் சாக்கில் போட்டுவைப்பார். மனிதன் எல்லா விஷயத்திலும் நியாயவானாக இருப்பது கஷ்டம். அவர் துண்டு விஷயத்தில் இருந்தார், மற்றதில் எல்லோரையும் போல இருந்தார்.

விண்ணப்பம் வந்ததற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். முந்தின வாரம் அது வலித்தது. மருந்துக்கடையில் போய்க் கன்னத்தைக் காட்டினார். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு அட்டை ஆண்டிபயாடிக் கொடுத்தார். ஒரே நாளில் வலி போய்விட்டது. ஆனால் வாங்கிய மாத்திரையை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு அட்டையையும் முடித்தார். பீரோவில் தேடியபோது மனைவிக்குக் கால்புண் வந்த காலத்து மாத்திரை கொஞ்சம் கிடைத்தது, அதையும் ஆரம்பித்தார். சிக்கனமான மனிதர்.

ஆண்டிபயாடிக் உள்ளே போய்ச் செய்வது செக்கிங் வேலைதான். வண்டியை நிறுத்தி, ஏறி, எல்லோரையும் இறங்கச் சொல்லும். பல்லைக் குடைந்தவன் யார், பிறந்த நாளிலிருந்து ஒழுங்காகக் குடியிருப்பவன் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்க அதற்கு நேரமில்லை. இறங்கு என்றால் இறங்க வேண்டும். பாக்டீரியாக்கள் இறங்கினார்கள். இறங்கும்போது, ஊர் வழக்கப்படி, அவரவர் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கினார்கள்.

விண்ணப்பத்தில் இப்படி எழுதியிருந்தது:

“ஐயா, வணக்கம். தங்கள் குடலில் ஐம்பத்து மூன்று வருடங்களாக வசித்துவரும் நாங்கள், சோதனைக்காகக் கீழே இறக்கப்பட்டிருக்கிறோம். திரும்பி வரும்வரை எங்கள் துண்டுகளைத் தாங்கள் அங்கீகரிக்க வேண்டும். காரணம், படிக்கட்டருகே ஈஸ்ட்கள் சிலர் நிற்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும்வரை நல்லவர்கள். சுவரோரச் சீட்டெல்லாம் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். வருகிற சாப்பாட்டை அவர்கள் கைக்குப் போகுமுன் நாங்களே தின்றுவிடுகிறோம். தரையில் அவ்வப்போது புளித்தண்ணீர் தெளித்து வைக்கிறோம். அதனால் அவர்கள் உருண்டையாக, சின்னதாக, மரியாதையாக இருக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்தால் அவர்களுக்குக் கால் முளைக்கும். பிறகு நாங்கள் பொறுப்பல்ல. இப்படிக்கு, செயலாளர்.”

பொன்னுரங்கம் இரண்டு தடவை படித்தார். இருபத்தாறு வருஷமாக ஊரில் ஒழிக்கப் பார்த்த பழக்கம் சொந்த வயிற்றிலேயே நடந்திருக்கிறது என்பது அவருக்கு அவமானமாக இருந்தது. டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பதில் எழுதினார். “துண்டு போட்டால் சீட் ஆகாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். வயிறு விதிவிலக்கு அல்ல. துண்டுகள் உடனே அப்புறப்படுத்தப்படும்.” கீழே கையெழுத்தும் பணி எண்ணும் போட்டார். பிறகு ஒரு மாத்திரையை வாயில் போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். துண்டுகள் அப்புறப்பட்டன.

“வயித்துக்குக்கூட ஆர்டர் போடற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்,” என்றாள் அவர் மனைவி தனகோட்டி, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

“நியாயம்னா எல்லாருக்கும் நியாயம்.”

“சரி. நியாயத்தையே சாப்பிடுங்க, சமையல் மிச்சம்.”

அன்று சாயங்காலமே பொன்னுரங்கத்துக்கு ஜிலேபி சாப்பிட வேண்டும் போலிருந்தது. ஐம்பத்து மூன்று வயதுவரை அவருக்கு அப்படித் தோன்றியதில்லை. மறுநாள் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கேட்டார். அதற்கு மறுநாள் சோற்றில் சர்க்கரை போட்டுப் பிசைந்தார். வெள்ளிக்கிழமை பெல்ட்டில் கடைசி ஓட்டையும் போதாமல், ஆணி வைத்துப் புதிதாக ஒன்று அடித்தார். வயிறு சாப்பாட்டுக்கு முன்னாலும் சாப்பாட்டுக்குப் பின்னாலும் ஒரே மாதிரி உப்பியிருந்தது. உள்ளே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலியாக இருக்கிற சீட்டில் யாரும் உட்காரலாம், அது விதியிலேயே இருக்கிறது.

டிப்போவில் தினமும் காலை வண்டி எடுக்குமுன் ஓட்டுநரும் நடத்துநரும் ஊத வேண்டும். டைம் கீப்பர் ஏகாம்பரம், குடித்திருந்தால் கத்துகிற கறுப்பு மெஷினை நீட்டுவார். பொன்னுரங்கம் மற்றவர்களைப் போல ஒப்புக்கு ஊத மாட்டார். நெஞ்சை நிமிர்த்தி, நன்றாக இழுத்து, நாயனம் வாசிப்பவர் மாதிரி ஊதுவார். திங்கட்கிழமை காலை அப்படித்தான் ஊதினார். மெஷின் கீ என்று கத்தியது.

ஏகாம்பரம் மெஷினைப் பார்த்தார், பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் பத்து வருஷத்து வருத்தம் ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் மாமனார் ஊருக்குப் போகும்போது ஏகாம்பரம் போட்ட துண்டையும் பொன்னுரங்கம் எறிந்திருக்கிறார்.

“என்ன பொன்னுரங்கம், காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சா?”

“நான் குடிக்கல சார்.”

“நீங்க குடிக்கலைன்னா வேற யாரு குடிச்சது?”

“யாரும் குடிக்கல. உள்ள காய்ச்சறாங்க போலிருக்கு.”

ஏகாம்பரம் பதிவேட்டைப் புரட்டினார். குடித்தவர், குடிக்காதவர் என்று அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. காய்ச்சுபவர் என்று கட்டம் இல்லை. இல்லாத கட்டத்தில் டிக் அடிக்க முடியாது என்பதால் முதல் கட்டத்தில் அடித்தார். “மூணு தடவை சத்தம் வந்தா என்னன்னு உங்களுக்கே தெரியும்,” என்று மட்டும் சொன்னார்.

பொன்னுரங்கத்துக்குத் தெரியும். மூன்றாவது தடவை சத்தம் வந்தால் தோளில் இருக்கிற பையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுபடி மாட்ட முடியாது. பெயரையும் காரணத்தையும் பலகையில் எழுதி டிப்போ வாசலில் மாட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்தப் பை தொங்கியதில் அவருடைய வலது தோள் இறங்கிப் போயிருந்தது. லீவு நாளில் பை இல்லாமல் தெருவில் நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கிச் சுவரில் போய் உரசுவார். பையில்லாத மிச்ச வாழ்க்கையை நினைத்தபோது அவர் நிஜமாகவே பயந்துபோனார்.

அன்று சாயங்காலம் ஈஸ்ட் தரப்பிலிருந்து தலைவர் அவரைப் பார்க்க வந்தார். வெளியே வந்தால் எல்லோரும் சராசரி உயரம்தான். இவர் உருண்டையாக, வெள்ளையாக, பளபளப்பாக இருந்தார். தோளின் மேல் இன்னொரு சின்னத் தலை முளைத்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரப் பையன், இன்னும் பிரிந்து போகவில்லை என்றார். பேச்சு பாகு மாதிரி இருந்தது. தனகோட்டி காபி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த சர்க்கரையை விரலால் வழித்துச் சாப்பிட்டார்.

“கண்டக்டர் சார், நீங்க மட்டும் இல்லைன்னா நாங்க இன்னும் படிக்கட்டுலயேதான் தொங்கிட்டு இருப்போம். ஐம்பத்து மூணு வருஷம் சார். ஒரு சோத்துப் பருக்கை எங்க கிட்ட வந்ததில்ல. இப்ப பாருங்க, ஆளுக்கு ஒரு சீட்டு. நல்லா காலை நீட்டியிருக்கோம்.”

“காலை எதுக்கு நீட்டறீங்க?”

“முளைச்சா நீட்டத்தானே சார் செய்யணும். பக்கத்துச் சீட்டு, அதுக்குப் பக்கத்துச் சீட்டுன்னு போயிட்டே இருக்கு. சுவத்துல கூடக் கொஞ்சம் ஏறியிருக்கு. உங்களுக்கு அரிப்பு இருந்தா சொல்லுங்க, பாத்து ஏறச் சொல்றேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சின்னதா ஒரு தொழிலும் ஆரம்பிச்சிருக்கோம். சர்க்கரை நிறைய வருது, சும்மா இருக்க முடியல. திறப்பு விழாவுக்கு உங்களைத்தான் கூப்பிடணும்னு எல்லாரும் சொன்னாங்க.”

“எல்லாரும் எழுந்திரிங்க,” என்றார் பொன்னுரங்கம். “என் வேலை போயிடும்.”

தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “எழுந்தா சீட்டு போயிடுமே சார். துண்டு போட்டுட்டு எழுந்திரிக்கலாம்னா, துண்டுதான் செல்லாதே.” சட்டைப் பையிலிருந்து பொன்னுரங்கத்தின் ஆர்டரை எடுத்துக் காட்டினார். லேமினேட் செய்து ஓரத்தில் சந்தனம் வைத்திருந்தார்கள். “இதை வாசல்லயே மாட்டியிருக்கோம். தினமும் பூ வைக்கறோம்.”

அவர் விடைபெற்று உள்ளே போன பிறகு பொன்னுரங்கம் ஏப்பம் விட்டார். கள்ளுக்கடைப் பக்கம் அடிக்கிற வாசனை அடித்தது. தனகோட்டி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “கல்யாணத்தப்போ எங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, மாப்பிள்ளை குடிப்பாரான்னு. நல்லவேளை, கடையே வச்சிருக்காரான்னு கேக்கல.”

செவ்வாய்க்கிழமை காலை மெஷின் இரண்டாவது தடவை கத்தியது. இந்தத் தடவை ஏகாம்பரம் சாட்சிக்கு நாலு பேரை நிறுத்திவைத்திருந்தார். பொன்னுரங்கம் இருபத்தாறு வருஷமாக யாரிடமெல்லாம் தான் குடிக்காதவர் என்று சொல்லியிருந்தாரோ, அதில் நாலு பேர். “ரெண்டு நாள் லீவு எடுத்துத் தெளிஞ்சு வாங்க,” என்றார் ஏகாம்பரம் அன்பாக. “வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்னிக்கு ஊதுங்க.”

புதன்கிழமை காலை தனகோட்டி கம்பியிலிருந்து பழைய விண்ணப்பத்தை உருவி அவர் முன்னால் வைத்தாள். “அனுப்புநர் விலாசம் போட்டிருக்காங்க. போய்ப் பாருங்க. கூப்பிட்டா வர்றவங்க மாதிரிதான் எழுதியிருக்காங்க.” சர்க்கரை டப்பாவை அவள் ஏற்கெனவே பரண்மேல் ஏற்றியிருந்தாள். “உள்ள இருக்கிற கம்பெனிக்குச் சரக்கு சப்ளை பண்ண நான் ஆளில்ல.”

விலாசம் பேருந்து நிறுத்த நிழற்குடை. பாக்டீரியாக்கள் அங்கேதான் காத்திருந்தார்கள். பல கோடிப் பேர் என்றாலும் நெருக்கமாகத் தெரியவில்லை, இடம் பார்த்து உட்காரத் தெரிந்தவர்கள். பல்வேறு இனத்தவர், நிறமும் உருவமும் வேறு வேறு, சிலர் பேசுவது சிலருக்குப் புரியவில்லை. ஆனால் ஒருவர் மேல் ஒருவர் கால் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் அரைக்கைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். பக்கத்தில் போனால் லேசாகப் புளித்த மோர் வாசனை வந்தது.

“ஏறிக்கங்க,” என்றார் பொன்னுரங்கம். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை.

“சீட்டெல்லாம் அவங்க உட்கார்ந்திருக்காங்களே சார்.”

“நின்னுக்கிட்டு வாங்க. நிக்கக் கூடாதுன்னு ரூல் இல்ல.”

“நின்னா நிக்க மாட்டோம் சார். உங்க வண்டி குலுங்கற குலுங்கல்ல ஒரே நாள்ல பின்பக்கமா வெளிய வந்துடுவோம்.” செயலாளர் கோபமில்லாமல் சொன்னார். “போன வாரம் உங்க வீட்டம்மா தயிர் ஊத்தினாங்க. அதுல வந்த பசங்க அப்படித்தான் போனாங்க. பாவம், ஊருக்குப் புதுசு. சுவரைப் பிடிச்சு உட்கார்ந்தாத்தான் நாங்க நாங்க. நின்னோம்னா நாங்களும் ஈஸ்ட்தான்.”

“அப்ப என்ன செய்யறது?”

“துண்டு போடணும்.”

“போடுங்க.”

“எங்ககிட்ட ஏது சார் துண்டு?”

செயலாளர் குத்திக்காட்டவில்லை, வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. பை இல்லாத தோளை நிழற்குடைத் தூணில் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு டிப்போவுக்குப் போனார்.

ஓட்டுநர் முனிரத்தினம் அன்று பதினாலாம் நம்பரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் சாக்குகளைத் தூக்கிவிட்டார். பதினோரு சாக்கு. இருபத்தாறு வருஷத்துத் துண்டுகள் கட்டம் போட்டது, கோடு போட்டது, கட்சிக் கரை போட்டது என்று பலவிதமாக இருந்தன. ஒரு சாக்கில் ஒரு கைக்குழந்தைத் தொப்பியும் இருந்தது. “அந்தத் தாயி ஆத்துப்பாக்கம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துச்சு, ஞாபகமிருக்கா?” என்றார் முனிரத்தினம். பொன்னுரங்கத்துக்கு ஞாபகமிருந்தது. ஞாபகமில்லை என்றார்.

தனகோட்டி பதினோரு சாக்கையும் பார்த்தாள். “ஊர்க்காரன் கழுத்து அழுக்கெல்லாம் என் தலையில,” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் மொட்டைமாடி முழுக்கத் துண்டு காய்ந்தது. பிறகு ஒரு பானைச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தாள். வியாழக்கிழமை காலை அது நன்றாகப் புளித்திருந்தது. வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். இருவரும் நிழற்குடைக்குப் போனார்கள்.

பொன்னுரங்கம் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். ஜன்னல் என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். பாக்டீரியாக்கள் இனத்துக்குச் சிலராக வரிசையில் வந்து ஆளுக்கொரு துண்டு வாங்கி, தூரத்தில் நின்று வீசினார்கள். துண்டில்லாமல் பழகிப்போன கையாகத் தெரியவில்லை. ஒன்றுகூடப் பல்லில் மாட்டவில்லை. பதினோரு சாக்கும் ஒன்றரை மணி நேரத்தில் காலியானது. நிழற்குடையில் வண்டிக்கு நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று வழிவிட்டார்கள்.

உள்ளே அமளி அடங்கியது. பிறகு ஏப்பமாக ஒரு கேள்வி வந்தது. தலைவரின் குரல்.

“யார் துண்டு சார் இது?”

பொன்னுரங்கம் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பதில் என்ன என்று அந்த ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து மட்டும் அந்த இரண்டு வார்த்தைகள் இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

“சொல்லுங்க,” என்றாள் தனகோட்டி. அவளும் அப்போது கிண்டல் செய்யவில்லை. “நாளைக்குப் பை வேணும்ல?”

அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

“ஆள் வருது,” என்றார்.

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. “அட, அப்படியா”, “சொல்லவேயில்லையே”, “எழுந்திருப்பா, ஆள் வருதாம்” என்று பல குரல்கள் கேட்டன. ஈஸ்ட்கள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு எழுந்தார்கள். என்ன இருந்தாலும் அவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். தலைவர் மட்டும் இன்னொரு ஏப்பத்தில் ஒரு விளக்கம் சொன்னார். “ஆர்டர் எங்க பக்கம்தான் சார் இருக்கு. கோர்ட்டுக்குப் போனாக்கூட ஜெயிப்போம். ஆனா துண்டு கிடக்கிற சீட்டுல எப்படி சார் உட்கார்றது? நாளைக்கு நாலு பேர் முகத்துல முழிக்கணுமில்ல.”

தனகோட்டி தூக்குவாளியைச் சரித்தாள். நீராகாரத்தோடு பாக்டீரியாக்கள் ஏறினார்கள், ஒரு மடக்குக்குச் சில கோடிப் பேர். கடைசி மடக்கில் செயலாளர் ஏறினார். ஏறுமுன் பொன்னுரங்கத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். மதியத்துக்குள் சுவரோரச் சீட்டுகள் நிரம்பின. வந்த சோற்றை அங்கேயே பங்கிட்டுத் தின்றார்கள். தரையில் புளித்தண்ணீர் தெளித்தார்கள். நீண்டிருந்த கால்கள் சூடு பட்டது போலச் சுருங்கின. ஈஸ்ட்கள் பழையபடி உருண்டைகளாகிப் படிக்கட்டருகே ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். அவர்களை யாரும் இறக்கிவிடவில்லை. படிக்கட்டில் நாலு பேர் நின்றால்தான் வண்டி வண்டியாக இருக்கும் என்றுவிட்டார் செயலாளர். சாயங்காலம் பொன்னுரங்கம் பெல்ட்டைப் பழைய ஓட்டையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏகாம்பரம் மேஜையைத் துடைத்து, பை வைப்பதற்கு அளவாக நடுவில் இடம் ஒதுக்கியிருந்தார். பலகையில் பெயர், பணி எண், காரணம் எல்லாம் எழுதித் தயாராகச் சுவரில் சாய்த்திருந்தது. எழுத்து நன்றாக இருந்தது, இரண்டு வண்ணம். பொன்னுரங்கம் தோள்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தவில்லை, நாயனம் மாதிரி ஊதவும் இல்லை. எல்லோரையும் போல ஊதினார்.

மெஷின் சும்மா இருந்தது.

ஏகாம்பரம் அதைக் குலுக்கினார். தட்டினார். மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் சும்மா இருந்தது. மெஷினில்தான் கோளாறு என்று நிரூபிக்கத் தானே வாங்கி ஊதினார். கீ என்று டிப்போ முழுக்கக் கேட்கும்படி கத்தியது. “மெஷின் நல்லாத்தான் இருக்கு,” என்றார். பதிவேட்டில் டைம் கீப்பருக்குக் கட்டம் இல்லாததால் அவருக்கு எங்கும் டிக் அடிக்க முடியவில்லை. பொன்னுரங்கத்துக்கு இரண்டாவது கட்டத்தில் அடித்தார். பலகையைத் திருப்பி வைத்தார்.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் நேராக வண்டிக்குப் போனார். பை தோளில் இருந்ததால் நடை நேராக இருந்தது. பதினாலாம் நம்பரில் கூட்டம் ஏறியிருந்தது. முனிரத்தினம் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னுரங்கம் பின் படிக்கட்டில் ஏறித் தன் சீட்டைப் பார்த்தார். படிக்கட்டுக்குப் பக்கத்தில், நடத்துநர் என்று எழுதிய ஒற்றைச் சீட்டு.

அதில் ஒரு துண்டு கிடந்தது. நீலக் கட்டம் போட்டது, மொட்டைமாடியில் துவைத்துக் காயவைத்ததில் ஒன்று போலிருந்தது.

அவர் கை இரண்டு விரலை நீட்டிக்கொண்டு தானாகப் போனது. பாதி வழியில் நின்றது.

“ஆள் வருதாம்,” என்றார் முனிரத்தினம், கண்ணாடியில் அவரைப் பார்த்து.

“யாரு?”

“சொல்லல.”

பொன்னுரங்கம் பையைச் சரிசெய்துகொண்டு கம்பியைப் பிடித்தார். விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது. ஆற்றுப்பாக்கம் வரை இருபத்து மூன்று நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் படிக்கட்டைப் பார்த்து நின்றார். கூட்டம் ஏறியது, இறங்கியது. அந்தச் சீட்டைப் பார்த்தவர்கள் துண்டையும் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்கள். படிக்கட்டருகே அவரோடு சேர்ந்து நின்ற நாலு பேர் அவருக்கும் கொஞ்சம் இடம்விட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பியபோதும் ஆள் வந்திருக்கவில்லை. பொன்னுரங்கம் துண்டுக்கு ஒரு டிக்கெட் கிழித்து, காற்றில் பறக்காமல் அதன் மடிப்பில் செருகிவிட்டு, மறுபடி விசில் கொடுத்தார்.